வெள்ளை வைனைப் பூட்டி வைக்காதீர்கள்

இந்த ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் எங்கள் விடுதிக்கு மூன்று தம்பிமார் புதிதாக வந்திருக்கிறார்கள். மூவரும் தோட்டத்துப் பிள்ளைகள். நானும் அங்கிருந்து வந்தவன்தான். கிளாஸைப் பிடிப்பது, கார்க்கை இழுப்பது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும், அவற்றை விடுகிறேன். யாரும் சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் தொடரும் தவறுகள்தான் இங்கே.

"விலை கூடினது, இருக்கட்டும்"

போன வாரம் ஒரு தம்பி, நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து வந்த சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை வைன் போத்தலை அலுமாரியின் பின்வரிசைக்குத் தள்ளினான். "நாள் போனா இன்னும் நல்லா வரும்ண்ணே" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னேன். அப்போது வேலை செய்த இடத்தில் போத்தல் அறை என் பொறுப்பு. ஆறு போத்தல் வெள்ளை வைனைப் பெரிய விருந்துக்கென்று அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். நாலு வருஷம். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை அடுப்பு. ஒரு கல்யாணத்துக்குத் திறந்து ஊற்றினால், வெளிர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது சாயத்தண்ணி நிறத்தில் இறங்கியது. தேசிக்காய் வாசமும் பச்சைப் புல் வாசமும் போய், வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிளின் மணம். ஆறையும் சிங்கில் கொட்டினோம். வெளிநாட்டு வைனுக்கு நம் நாட்டில் ஏறும் வரி தெரிந்தவர்களுக்கு அந்த வலி புரியும். இன்றைக்கும் யாராவது பின்வரிசைக்குக் கை நீட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த வகை வைனின் உயிரே அதன் பசுமையும் புளிப்பும்தான். மூடியிருந்தாலும் நாளாக நாளாக அது மங்கும், சூடு பட்டால் இன்னும் வேகமாக. சோவின்யோன் பிளாங்கைப் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். போர்த்துக்கல்லின் வின்யோ வெர்டே அதைவிடச் சீக்கிரம். நல்ல ரீஸ்லிங் போலச் சில வெள்ளை வைன்கள் வருஷங்கள் போக மெருகேறும், அது வேறு கதை. லேபிளில் உள்ள அறுவடை ஆண்டைப் பாருங்கள். நியூசிலாந்தில் அறுவடை மார்ச், ஏப்ரலில் என்பதால், அதே ஆண்டு போட்ட ஐரோப்பிய வைனைவிட அது அரை வருஷம் மூத்தது. நம்மூர் லீக்ஸை விருந்துக்கென்று யாராவது மாசக்கணக்கில் பூட்டி வைப்பார்களா?

ஊரே குளிர்தானே

போதாது. 1,868 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் நுவரெலியாவின் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை. இந்த வைனுக்கு வேண்டியது 7 முதல் 10. வாளியில் ஐஸோடு பாதிக்குத் தண்ணீரும் ஊற்றுங்கள், அப்போதுதான் குளிர் போத்தலைச் சுற்றிப் பிடிக்கும். இருபது நிமிஷம் போதும்.

கிளாஸுக்குள் ஐஸ்கட்டி

வேண்டாம்.

திருகு மூடி என்றால் மட்டம்

இல்லை. நியூசிலாந்து போத்தல்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

டெவில் சிக்கனோடு எதையும் கொடுப்பது

கொச்சிக்காய் உறைப்பை அல்கஹோல் இன்னும் கிளப்பிவிடும். 13 சதவீதத்துக்கு மேலான வைனைக் கொடுத்தால் விருந்தாளி தண்ணீர்தான் கேட்பார். கட்டச் சம்பல், டெவில் வகைகளுக்கு ஜெர்மனியின் மோசல் பக்கத்து ரீஸ்லிங்கில் இலேசான இனிப்பு உள்ளதாகப் பாருங்கள், அதில் அல்கஹோல் 8, 9 சதவீத அளவில்கூட இருக்கும்.

சோவின்யோன் பிளாங்குக்கு நான் முதலில் சொல்வது பட்டரில் பொரித்த ட்ரவுட். வெள்ளைக்காரர் நம் மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன். வைனின் புளிப்பு பட்டரின் கொழுப்பை வெட்டி, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்யும். அப்புறம் உறைப்புக் குறைந்த தேங்காய்ப்பால் சொதியும் இடியப்பமும். இரண்டிலும் தேசிக்காயை அளவாகப் பிழியுங்கள், சாப்பாட்டின் புளிப்பு கூடினால் வைன் சப்பென்று போகும்.

மீதிப் போத்தல்

மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் மீன் வேகவைக்கக் குசினிக்குக் கொடுத்துவிடுங்கள்.