திறந்தவெளி டிபன் கடைக்கு பில்லிங் மெஷின்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஏசி ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பில்லிங் செட்டை அப்படியே வாங்கி வந்து தெருவோரக் கவுன்டரில் வைத்தால் ஒரு மழைக்காலம் தாண்டாது. 15 அங்குல டச் ஸ்கிரீன், 3 அங்குல பிரிண்டர், தானாகத் திறக்கும் கல்லாப்பெட்டி எல்லாம் கூரைக்கும் சீரான கரண்டுக்கும் பழக்கப்பட்டவை. வெளியே வெயில், சாரல், தோசைக்கல் சூடு, எண்ணெய்ப் புகை, ஆடுகிற வோல்டேஜ் என்று ஐந்தும் ஒன்றாக வரும். சாயங்காலம் 5 மணிக்குத் திறந்து 10 மணிக்கு மூடுகிற, நாளுக்கு 300 பில் போடுகிற டிபன் கடையை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஜூஸ் கடை, புட் டிரக், கல்யாண மண்டப வாசலில் போடும் ஸ்டால் எதற்கும் இதே கணக்குதான்.

மெஷின் பார்க்கப் போவதற்கு முன் இடத்தைப் பாருங்கள். 4 மணிக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும், அது கல்லாக்காரர் முகத்தில் அடிக்கிறதா, ஸ்கிரீனில் அடிக்கிறதா என்று நேரில் நின்று கவனியுங்கள். தோசைக்கல்லுக்கும் பிரிண்டருக்கும் 5 அடியாவது இடைவெளி வேண்டும். காற்று வரும் பக்கத்தில் அடுப்பு இருந்தால் அந்த 5 அடியும் போதாது. சென்னைக் கடற்கரையில் மதியத்துக்கு மேல் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். அங்கே அடுப்பைக் கிழக்கிலும் கல்லாவை மேற்கிலும் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் பிரிண்டரில்தான் படியும்.

பிரிண்டர்தான் முதலில்

அதிகம் தொல்லை தருவது இதுதான், அதனால் காசையும் நேரத்தையும் இங்கேதான் போட வேண்டும். பில் பிரிண்டரில் மை கிடையாது. பேப்பரில் பூசிய ரசாயனம் சூடு பட்டுக் கறுக்கிறது. சாதாரண தெர்மல் பேப்பர் சுமார் 70 டிகிரியிலேயே கறுக்கத் தொடங்கும். அடுப்பு மேடையில் பிரிண்டரை வைத்தாலோ, கல்லின் ஓரத்தில் டோக்கனைச் செருகினாலோ மாஸ்டர் எதைப் படிப்பார்? அடுப்பை ஒட்டியே ஆர்டர் சீட்டு வர வேண்டும் என்றால் அங்கே தெர்மல் வேண்டாம், ரிப்பன் போட்டு ஊசி குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் வகை வேண்டும். எப்சன் டி.எம்-யு220 அந்த ரகம். சத்தம் போடும், மெதுவாக அடிக்கும், ஆனால் சூட்டுக்கு அசராது. கல்லாவிலிருந்து அடுப்பு கூப்பிடு தூரத்தில் இருந்தால் இந்த இரண்டாவது பிரிண்டரே தேவையில்லை. ஒரே பில்லை இரண்டு பிரதி அடித்து ஒன்றைக் கிளிப்பில் மாட்டினால் போதும்.

பேப்பர் அகல விஷயத்தில் 2 அங்குலமா 3 அங்குலமா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். எழுத்து புள்ளி புள்ளியாகத்தான் விழுகிறது: 2 அங்குல மெஷினில் ஒரு வரிக்கு 384 புள்ளி, 3 அங்குலத்தில் 576 புள்ளி. பத்து வகைப் பலகாரம் விற்கும் கடைக்கு 2 அங்குலம் தாராளம். கவனிக்க வேண்டியது ரோல் நீளம். சின்ன மெஷினில் 15 மீட்டர் ரோல்தான் நுழையும். பில் 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு ரோலுக்கு 150 பில், அதாவது 300 பில்லுக்கு இரண்டு ரோல். இரண்டாவது ரோல் மாற்றுவது சரியாக 8 மணிக் கூட்டத்தில் வந்து நிற்கும். அதனால் ஏழரைக்குக் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கழற்றிய துண்டு ரோலை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.

தானாகப் பேப்பர் வெட்டும் கட்டர் வெளிக்கடைக்கு அவசியமில்லை. கடல் உப்பும் மாவுத் தூசியும் சேர்ந்தால் பிளேடு பாதி வழியில் நின்று மூடியையே திறக்க விடாது. கையால் கிழிக்கும் பல் விளிம்பு எந்தக் காலத்திலும் மக்கர் செய்யாது.

தமிழில் பில் வேண்டுமா? கடைக்காரர் காட்டும் மாதிரி பில்லை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்த பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ் எழுத்து கிடையாது. மென்பொருள்தான் தமிழைப் படமாக மாற்றி அனுப்புகிறது. படம் என்பதால் டேட்டா அதிகம். புளூடூத்தில் போனால் பில் விட்டு விட்டு, திக்கித் திக்கி வரும். யு.எஸ்.பி. வயரில் அந்தத் தடங்கல் மிகக் குறைவு. வாங்குமுன் உங்கள் மெனுவிலிருந்தே ‘கொத்து பரோட்டா’, ‘பொடி தோசை’ இரண்டையும் ஏற்றி அடிக்கச் சொல்லுங்கள். ‘கொ’ ஒட்டி வராமல் க தனியாகவும், கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனியாகவும் விழுந்தால் அந்த மென்பொருள் தமிழை எழுத்து எழுத்தாகக் கொட்டுகிறது என்று அர்த்தம். பிரிண்டரை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. அதே மாதிரி பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) எண் வருகிறதா என்றும் பாருங்கள். 2022 ஜனவரி 1 முதல் அது பில்லில் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்கிரீன்

வெயிலில் தெரிகிறதா என்பது அளவைப் பொறுத்தது இல்லை, வெளிச்சத்தைப் பொறுத்தது. அதை நிட் கணக்கில் சொல்வார்கள். சாதாரண டேப்லெட் 300, 400 நிட்டில் நிற்கும், நிழலுக்கு அது போதும். நேர் வெயிலில் படிக்க 800, 1000 நிட் வேண்டும். விலை எகிறும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ஒரு அடி நீட்டிய தகரச் சாய்ப்பு அதைவிட மலிவு என்பதால் நாங்கள் சொல்வது சாய்ப்பைத்தான். சூடு இன்னொரு பிரச்சினை. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வரம்பே 35 டிகிரி. மே மாதச் சாயங்காலம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த டேப்லெட் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பிறகு அணைந்தும் போகும். பாதுகாப்புக்கு என்று சுற்றிலும் மூடிய பெட்டி செய்வது வேலைக்கு ஆகாது. மேலே மூடி, பின்னால் திறந்து விடுங்கள்.

ஈரக் கையும் எண்ணெய்க் கையும் டச் ஸ்கிரீனைக் குழப்பும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், யாரும் தொடாமலே நாலு வடை பில்லில் ஏறிவிடும். பரிமாறும் ஆளே பில்லும் போடுகிற கடை என்றால் பட்டன் வைத்த பழைய மாடல் பில்லிங் மெஷினே சரி. பத்து பலகாரத்துக்குப் பத்து பட்டன், பார்க்காமலே தட்டலாம். கல்லாவுக்குத் தனி ஆள் இருந்தால் பிரிண்டர் உள்ளேயே இருக்கும் கையடக்க ஆண்ட்ராய்டு மெஷின் நல்லது. மழை வந்தால் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடலாம், ராத்திரி வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். ஒரு குறை உண்டு: தானாகத் திறக்கும் கல்லாப்பெட்டி பிரிண்டரின் பின்புறத் துளையில் செருகி இயங்குவது, கையடக்க மெஷின்களில் அந்தத் துளை பொதுவாக இருக்காது. பூட்டு போட்ட மரக் கல்லாவுக்கு இதனால் நஷ்டமில்லை.

தண்ணீர் தாங்கும் என்று விற்பவர் சொன்னால் ஐ.பி. எண்ணைக் கேளுங்கள். முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். ஐ.பி.54 என்றால் எல்லாப் பக்கமும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐ.பி.65 குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். டேப்லெட் 65 ஆக இருந்தாலும் பக்கத்திலிருக்கும் பிரிண்டருக்குப் பேப்பர் வெளியே வர வாய் வேண்டுமே, அதற்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது. பேப்பர் மேல்புறம் வராமல் முன்புறம் வரும் மாடலாகப் பாருங்கள். வயர்களை நேராக மெஷினுக்கு இழுக்காமல், கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றுங்கள். வயர் வழியாக ஓடி வரும் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

கரண்டுக் கணக்கு

டேப்லெட் 10 வாட், பிரிண்டர் சராசரியாக 5, வைபை ரவுட்டர் 8 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 23 வாட். 5 மணி நேரத்துக்கு 115 வாட்-அவர். கடையில் எல்லாரும் எடுத்து நீட்டும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் மொத்தமே 84தான், அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். 42 வாட்-அவரில் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் இன்வர்ட்டர் நஷ்டம் போக 7 மணி நேரமாவது வரும். கையடக்க மெஷின் மட்டும் போதும் என்ற கடைக்கு 20,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர் பேங்க் ஒன்றே போதுமானது. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கினால் எழுத்து மங்கும், அதை பேப்பர் கோளாறு என்று நினைத்து ரோலை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

மெயின் லைனிலோ ஜெனரேட்டரிலோ எடுப்பதாக இருந்தால் கரண்டு கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் எதையும் செருகாதீர்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு தகர மேஜையைத் தொடுகிற இடம் அது. கிரைண்டர் ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிரிண்டரைச் செருகினால் கிரைண்டர் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் பிரிண்டர் அணைந்து எழும்.

யு.பி.ஐ.க்கு சவுண்ட் பாக்ஸ் கட்டாயம். காசு போனதாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட்டைக் கூட்ட நேரத்தில் யாராலும் சரிபார்க்க முடியாது, பெட்டி சொன்னால்தான் பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிம் சிக்னலை மதியம் சோதிப்பதில் பயனில்லை. ராத்திரி 8 மணிக்கு, கூட்டம் முழுவதும் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது சோதியுங்கள். பில்லிங் மென்பொருளை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பத்து பில் அடித்துப் பார்த்து, நெட் வந்ததும் பத்தும் கணக்கில் ஏறுகிறதா என்று எண்ணுங்கள். ஒட்டிய கியூ.ஆர். ஸ்டிக்கர் மேல் வேறு யாரேனும் தன்னுடையதை ஒட்டியிருக்கிறார்களா என்று தினமும் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

வாரம் ஒரு தடவை, மெஷின் ஆறிய பிறகு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பிரிண்டர் ஹெட்டை, அதாவது பேப்பரில் சூடு வைக்கும் பட்டையை, துடையுங்கள். பில்லில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு விழுந்தால் பெரும்பாலும் பிசுக்குதான், துடைத்தால் போய்விடும். துடைத்தும் அதே இடத்தில் கோடு நின்றால் அங்கே ஹெட்டின் புள்ளி எரிந்துவிட்டது, ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். அதனால் வாங்கும் நாளிலேயே ஹெட் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெர்மல் பில் நாளானால் வெளுத்துவிடும், வாரன்டி பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.