மனச்சிதைவு உள்ளவரின் பார்வையைக் குடும்பத்தாருக்கு விளக்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவரைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடம், பார்ப்பது கண் மட்டும் செய்யும் வேலையன்று என்பதை முதலில் உணர்த்துங்கள்.

அதற்கு ஒரு முகமூடி போதும். குழிந்த உட்புறம் தெரியுமாறு அதை மாட்டி, கீழிருந்து விளக்கொளி விழச்செய்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், பெரும்பாலோருக்கு முகம் புடைத்து நிற்பதாகவே தோன்றும். முகம் புடைத்திருக்கும் என்று வாழ்நாளெல்லாம் கற்ற மூளை, கண் அனுப்பும் செய்தியைத் தன் எதிர்பார்ப்புக்கேற்பத் திருத்திக்கொள்கிறது. பார்வையை நாமறியாமல் நிகழும் ஊகம் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே கூறினார்.

மனச்சிதைவு உள்ளவர்களில் பலர் அந்தக் குழிவைக் குழிவாகவே காண்கிறார்கள். எதிர்பார்ப்புக்கு மூளை அளிக்கும் எடை குறைந்து, புலன் செய்திக்கு அளிக்கும் எடை கூடியிருப்பதே காரணம் என்பது ஒரு விளக்கம். ஆயினும், இல்லாத உருவம் தெரிவதற்கு எதிர்பார்ப்பு மிகுந்துவிடுவதே காரணம் என்போரும் உண்டு. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்ற விவாதம் தீரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முகமூடியை நோயாளியிடம் காட்டிச் சோதிக்க வேண்டாம்; அது நோயறியும் கருவியன்று, அவர் மனத்தையும் புண்படுத்தும். அவர் ஏதோ தெரிகிறது என்றால் வாதிடாமல், "அண்ணா, எனக்கு அது தெரியவில்லை, உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தவிடாதீர்கள். பார்வையில் திடீர் மாற்றம் வந்தால் கண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தைப்பூசக் காவடியின் கூட்டமும் மேளமும் அவருக்குச் சுமையாகலாம். அவர் விரும்பினால் மட்டும் அழைத்துச் சென்று, கோயில் வளாகத்தின் ஓரத்தில் நிழலான இடத்தில் உடனிருங்கள்.