யாழ்ப்பாண நகரத்துக்கென்று மூன்று நாட்கள்

மூன்று கிழமை லீவில் ஊருக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: சித்தப்பா வீடு, மாமி வீடு, ஒரு கலியாணம், ஒரு அந்தியேட்டி. போகிற வீடெல்லாம் தேத்தண்ணியும் பலகாரமும். யாழ்ப்பாண நகரத்தை வானுக்குள் இருந்து பார்த்ததோடு சரி. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இப்படித் திரும்பி வருவது எனக்கு உண்மையிலேயே கவலை. சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, மூன்று நாட்களை நகரத்துக்கென்று எடுத்து வையுங்கள். காலையிலேயே வெளிக்கிடுங்கள், பத்து மணிக்குப் பிறகு அந்த வெயில் பிள்ளைகளுக்குத் தாங்காது.

முதல் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். மகனுக்கு இதை வீட்டிலேயே சொல்லி, வேட்டி கட்டியும் பழக்கிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் கூச்சப்படுவான். பூசைகள் மணி தவறாமல் நடக்கும், பிந்திப் போகாதீர்கள். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள். இப்போதிருப்பது 1734இல் எழுந்தது. ஆடி, ஆவணியில் வரும் திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். தங்குமிடமும் கிடைப்பது கஷ்டம், மாதக்கணக்கில் முன்னதாகவே பதியுங்கள். கோயிலில் இருந்து முத்திரைச் சந்திப் பக்கம் போனால் யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசன் சங்கிலியனின் சிலை, சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை, யமுனா ஏரி எல்லாம் கிட்டக்கிட்ட. மந்திரிமனை சிதைந்துகொண்டிருக்கிறது, வெளியே நின்று பாருங்கள், சுவரில் ஏறவேண்டாம்.

இரண்டாம் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம். இங்கே அவசரப்படாதீர்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் எரிந்தவை 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும். பல ஏடுகளுக்கு வேறு பிரதியே இல்லை. தீயைத் தூரத்தில் இருந்து கண்ட தாவீது அடிகள் என்ற பன்மொழி அறிஞர் அந்த அதிர்ச்சியிலேயே இறந்துபோனார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போங்கள். சொல்லாமல் போனால் அவர்களுக்கு அது ஒரு வெள்ளைக் கட்டடம் மட்டும்தான். உள்ளே மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாளர் நேரத்தை வாசலில் கேட்டு, அதன்படி போங்கள். படம் எடுப்பதையும் கேட்டுச் செய்யுங்கள்.

கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோணமாக விரித்தார்கள். உள்ளே இருந்த தேவாலயம் போரில் அழிந்தது. கோட்டைக்கு மட்டும் பின்னேரம் போங்கள். மதிலில் நின்றால் பண்ணைக் கடலில் பொழுது சாய்வதைப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் தீவுகள். பண்ணை தாண்டி, வேலணையால் புங்குடுதீவுக்குக் கடலை ஊடறுத்துப் போகும் வீதியே ஒரு அனுபவம். அங்கே குறிகட்டுவான் துறையில் படகு. நயினாதீவு கிட்ட, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு மத்தியானத்துக்குள் திரும்பலாம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் பிடிக்கும். பவளக்கல் வேலிகள், காட்டுக் குதிரைகள், பெரிய பெருக்கமரம் (பாவோபாப்) எல்லாம் அங்கேதான். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். இறங்கின உடனேயே கடைசிப் படகின் நேரத்தைத் துறையில் கேட்டு வையுங்கள். தண்ணீர், தொப்பி, சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழ். கடையைவிட வீட்டில் காய்ச்சுவதுதான் ருசி, மாமியிடம் கேளுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்டுமென்றால் வைகாசி, ஆனியில் போகவேண்டும். கார்த்திகை, மார்கழி மழைக்காலம்; தீவுப் பயணம் குழம்பும்.

போக்குவரத்து இப்போது சுலபம். போரால் நின்ற ரயில் 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கொழும்பில் ஏறினால் நீண்ட பயணம், யன்னலோர இருக்கைக்கு முன்பதிவு செய்யுங்கள். நகருக்குள் ஓட்டோ போதும். ஏறுமுன் காசைப் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் ஒழுங்கைகளைப் பார்க்கச் சைக்கிள்தான் நல்லது. சித்தப்பா வீட்டில் ஒன்று சும்மா நிற்கும், காற்றடித்து எடுங்கள்.