ஐஸ் மெஷினில் அழுக்கு ஐஸ் விழுந்தால்

கறுப்புத் துகள், இளஞ்சிவப்புப் பிசுபிசுப்பு, வாடை என எது தெரிந்தாலும் முதலில் தொட்டியிலுள்ள ஐஸ் முழுவதையும் கொட்டிவிடுங்கள். உறைந்தாலும் எல்லாக் கிருமியும் சாகாது.

இரண்டு கட்டியை வெள்ளைக் கிண்ணத்தில் உருகவிட்டு, அடியில் தங்கும் துகளை நசுக்கிப் பாருங்கள். கரிப்பொடியாக உதிர்ந்தால், புதிய கார்பன் ஃபில்டரை அலசாமல் மாட்டியிருப்பார்கள்; தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்டால் போதும். வழுக்கினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த பாசி. வெள்ளைச் செதில் வினிகரில் நுரைத்தால் உப்புப் படிவு. கார்பன் ஃபில்டர் தண்ணீரிலுள்ள குளோரினையும் எடுத்துவிடுவதால், அதற்குப் பிந்தைய குழாயிலும் தொட்டியிலும் பாசி எளிதாகப் பிடிக்கும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் ஐஸ் உறையும் நிக்கல் தகட்டுக்குப் பாதுகாப்பான ஆசிட் கிளீனரால் உப்பை நீக்குங்கள்; உப்புக்கடியில் ஒளிந்த கிருமியை மருந்து எட்டாது. நன்றாக அலசிய பிறகே ப்ளீச். ஆசிடும் ப்ளீச்சும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து!

10 லிட்டர் தண்ணீருக்கு ப்ளீச் (5% ஹைப்போகுளோரைட்) 40 மில்லி. இதனால் தண்ணீர்த் தட்டு, தகட்டில் தண்ணீர் ஊற்றும் பகிர்வுக் குழாய், தகட்டுக்கு முன்னுள்ள திரை, மிதவை வால்வு, தொட்டியின் மேல்மூலைகள் எல்லாவற்றையும் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். குழாயின் துளைகளுக்குச் சிறு பிரஷ் வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் அதுதான். பிறகு விழும் முதல் இரண்டு ஈடு ஐஸையும் கொட்டுங்கள்.

சில வாரத்திலேயே பாசி திரும்பினால் வடிகாலைப் பாருங்கள். வடிகுழாய் முனைக்கும் சாக்கடை வாய்க்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குல இடைவெளி இருக்க வேண்டும். பக்கத்தில் ஈஸ்ட் மாவு பிசைந்தால், காற்றில் வரும் ஈஸ்டும் பாசிக்குக் காரணமாகலாம்; மெஷினை இடம் மாற்றுங்கள்.