படம் இருக்கிறது, பெயர் எங்கே? ஆவணப் புகைப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'புலம்பெயர்ந்த தாய்' என்ற படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கை, எங்கோ வெறித்த பார்வை, தோளில் முகம் புதைத்த பிள்ளைகள். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லேங் எடுத்தது. அங்கே அவர் இருந்தது பத்து நிமிடம் போல. வயதைக் கேட்டார், 32. பெயரைக் கேட்கவில்லை.

அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லேங் எழுதியிருந்தார். நாங்கள் விற்கவே இல்லை என்றது குடும்பம். அவ்வளவு பெரிய கலைஞருக்கே இது நேர்ந்திருக்கிறது. நம்மில் பலரும் இன்றும் செய்யும் தவறும் இதுதான்.

நோட்டின் பக்கத்தை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் படத்தில் இருப்பவர் சொன்னது, மறுபக்கம் நீங்கள் பார்த்தது. பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். 'துயரத்தில் ஒரு பெண்' என்று குறிப்பு எழுதுவது ஊகம். கண் கலங்கியது அடுப்புப் புகையாலும் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.

அடுத்த தவறு, "இன்னொரு தடவை அப்படியே நடந்து வாங்க" என்று சொல்லி எடுப்பது. ஒருவரை உட்காரவைத்து எடுக்கும் உருவப்படம் வேறு. அதைக் குறிப்பில் சொன்னால் சரி. தானாக நடந்தது போலக் காட்டினால் அது பொய். கணினியில் ஒரு கம்பத்தை அழிப்பதும் அப்படித்தான். செய்திப் படங்களுக்கான உலகப் போட்டியான வேர்ல்டு பிரஸ் போட்டோவில் 2015இல், இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 சதவீதம் இப்படிப்பட்ட திருத்தங்களால் தள்ளப்பட்டன.

தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேமரா திரையில் படத்தைக் காட்டி, இது எங்கெல்லாம் போகும், யார் யார் பார்ப்பார்கள் என்று சொன்ன பிறகு கிடைப்பதுதான் சம்மதம். வன்முறைக்கு ஆளானவர் சரி என்றாலும், முகம் தெரிந்தால் அவருக்கு ஆபத்து வருமா என்று நாம் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அப்புறம், இரண்டு பிரதிகள் இரண்டு வேறு இடங்களில் சேரும்வரை கேமராவின் மெமரி கார்டை அழிக்காதீர்கள். பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் படக்கோப்புக்கு உள்ளேயே பதிந்துவிடுங்கள். தனித்தாளில் இருப்பது தொலைந்துபோகும். ஆனால் முகத்தை மறைத்து வெளியிடும் படமென்றால், அந்தக் கோப்பில் பெயரும் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று அனுப்பும் முன் திறந்து பாருங்கள்.