பிள்ளை முடிவெடுக்கப் பழகும் வயதில் நாம் செய்யும் தவறுகள்

கல்லூரி, ஐடிஐ சேர்க்கை முடியும் சமயத்தில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் இதைப் பார்க்கலாம். புதுப் பெட்டி, பிளாஸ்டிக் பக்கெட், சுருட்டிய பாயோடு ஓசூருக்கோ பெங்களூருக்கோ ஒரு பையன் கிளம்பிக்கொண்டிருப்பான். பணத்தை எண்ணிக் கொடுப்பது அம்மா, ஓடிப்போய் சீட் பிடிப்பது அப்பா, அங்கே இறங்கி யாரைப் பார்ப்பது என்று போனில் பேசுவது மாமா. பையன் சும்மா நிற்பான். நேற்றுவரை அவன் எந்தச் சட்டை போடுவது என்பதுகூட வீட்டார் முடிவு, நாளையிலிருந்து எல்லாமே அவன் பாடு. பிள்ளை வளர்ப்பில் நாம் செய்கிற பெரிய தவறு எனக்குத் தெரிந்து இதுதான். பழக்காமலே கையை விடுகிறோம்.

நானும் செய்தவன்தான். மூத்தவன் பத்தாவது முடித்த கோடையில் தக்காளியோடு அவனைத் தனியாக பாலக்கோடு மண்டிக்கு அனுப்பினேன். முதலில் விலை கேட்டவருக்கே எட்டு கிரேட்டையும் தள்ளிவிட்டான். நான் போய்ச் சேரும்போது பக்கத்துக் கடையில் கிரேட்டுக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. மண்டியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். நஷ்டம் என்னவோ முந்நூற்று இருபது ரூபாய்தான். ஆனால் அடுத்த ஒரு வருடத்துக்கு, பேனா வாங்குவதற்குக்கூட "நீங்களே சொல்லுங்கப்பா" என்றான். அதை அடக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அது அடுத்த தவறு. கத்தாமல் விட்டிருந்தால், அடுத்த முறை நாலு கடை கேட்டுவிட்டுத்தான் விற்றிருப்பான். முந்நூறு ரூபாய்க்கு அதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

பணத்தைப் பொறுத்தவரை இப்போது நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024-லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை. பணம் பிள்ளையின் கணக்குக்குத்தான் போகிறது, ஏடிஎம் கார்டு மட்டும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும்! கார்டைக் கொடுத்துவிடுங்கள். முதல் மாதம் பாதி பணம் பிரியாணிக்குப் போகும். போகட்டும், மாசக் கடைசியில் பஸ்ஸுக்கு இல்லை என்று வந்து நின்றால் உடனே எடுத்து நீட்டாமல் இருந்தால் போதும்.

கார்டோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் குடு, கமிஷன் தர்றேன்" என்று யாராவது வருவார்கள். ஆன்லைனில் ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கடத்திவிட இப்படித்தான் கணக்கு தேடுகிறார்கள். போலீஸ் வரும்போது மாட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றையும் அவர்கள் இஷ்டத்துக்கு விடச் சொல்லவில்லை. சிலவற்றுக்குப் பேச்சே கிடையாது. பைக் அதில் ஒன்று. அழுதான், சாப்பிடவில்லை என்று பதினாறு வயதில் சாவியைக் கொடுக்கிற வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அனுபவப்பட்ட லாரி டிரைவர்களே தடுமாறுகிறார்கள். 18 வயதுக்குள் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

பெண் பிள்ளை விஷயத்தில் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு பழைய பயம் இன்னும் போகவில்லை. போனில் ஏதோ பார்த்துவிட்டார்கள், யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றால் உடனே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். 18 நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போதும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒருத்திக்கு இப்படி நடந்தால் அவள் வகுப்பில் இருக்கும் மற்றவர்கள் வீட்டில் எதையும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நாம் மறுபடி உள்ளே போக முடியாத கதவு அது.

"தனியா இருந்தா நல்ல பையன், கூட்டு சேர்ந்தாதான் கெடுறான்" என்று அலுத்துக்கொள்வோம். இது வெறும் அலுப்பு இல்லை. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் தனியாக ஆடியதைவிட அதிகம் துணிந்தார்கள், பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அதனால் "அவனுங்களோட சேராதே" என்பது பயன்படாத புத்திமதி. கூட்டத்திலிருந்து மானம் போகாமல் நழுவ ஒரு வழி செய்து கொடுப்பதுதான் உதவும்.

எங்கள் வீட்டில் அந்த வழி, மாட்டுத் தவிடு. "அப்பா, தவிடு வாங்கணும்னீங்களே, நான் வரணுமா?" என்று போன் வந்தால் என்னை வந்து கூட்டிப்போ என்று அர்த்தம். ஏன், எதற்கு என்று வழியில் கேட்கக் கூடாது என்பது என் தரப்பு ஒப்பந்தம். போன வருடம் பெரியவன் நண்பர்களோடு ஒகேனக்கல் கிளம்பினான். பதினொரு மணிக்குப் பென்னாகரத்திலிருந்து தவிடு போன் வந்தது. போனேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஆளுக்கொரு டீ குடித்தோம், வண்டியில் என் பின்னால் ஏறிக்கொண்டான். நாக்கு நுனிவரை வந்த கேள்வியை எப்படி அடக்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். இண்டூர் தாண்டியதும் அவனே ஆரம்பித்தான்.