ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்?

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கும் கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவுக்கும் இடையில் மிகக் குறுகிய வான்வழி ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. எங்காவது மாறித்தான் போகவேண்டும். டுபாயில் மாறினால் 11,080, பிறகு 3,290: மொத்தம் 14,370. லண்டன் வழியும் கிட்டத்தட்ட அதேதான். எனவே எந்த வழி கிட்ட என்று தேடி மினக்கெட வேண்டாம். நேரம் போவது இடைத்தங்கலில்தான்.

டுபாய்க்குப் பன்னிரண்டரை முதல் 13 மணித்தியாலம், அங்கிருந்து கொழும்புக்கு நாலரை. இடையில் 3 மணித்தியாலமாவது வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் விமான இறக்கையில் படிந்த பனியைக் கழுவவே பியர்சனில் அரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். ஒன்றரை மணித்தியால இடைவெளி அதைத் தாங்காது. முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றில் இருந்தால், தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனி ரிக்கற் என்றால் பெரும்பாலும் புதிதாகக் காசு கட்டவேண்டி வரும். பெட்டி கொடுக்கும்போது கைப்பிடியில் ஒட்டும் பட்டியைப் பாருங்கள். கடைசி இடமாகக் கொழும்பின் குறியீடு சிஎம்பி இருக்கவேண்டும். டிஎக்ஸ்பி மட்டும் இருந்தால் பெட்டி டுபாயோடு நின்றுவிடும். அந்த இடத்திலேயே சொல்லி மாற்றுங்கள்.

அதிகம் பிழைப்பது திகதி. இலங்கை நேரம் ரொறன்ரோவைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரையும் முன்னால் நிற்கிறது. மார்கழி 10 இரவு 10 மணிக்கு ஏறி, மொத்தம் 22 மணித்தியாலம் பயணம் செய்தால், கட்டுநாயக்காவில் இறங்குவது 12ஆம் திகதி காலை ஆறரைக்கு. ஊரில் இருந்து வான் அனுப்புபவர்களுக்குப் புறப்படும் நாளைச் சொல்லாதீர்கள். இறங்கும் திகதியும் விமான இலக்கமும் எழுதி அனுப்புங்கள்.

முடிந்தவரை காலையில் இறங்கும் விமானமாக எடுங்கள். கொழும்புக்குள் போகாமல் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று ஏறினால், சாப்பாட்டுக்கு நிற்பதோடு 8 மணித்தியாலம். பொழுதுபட முன்னர் வீடு. இரவில் இறங்கினால் நீர்கொழும்பில் தங்கி விடியப் புறப்படுங்கள். நித்திரைத் தூக்கத்தில் சாரதி ஏ9 பாதையில் ஓடுவது உயிரோடு விளையாட்டு. ரொறன்ரோ வீட்டு வாசலில் இருந்து யாழ்ப்பாணத்து வாசல் வரை 34 மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். பிள்ளைகள், வயதானவர்கள் கூட வந்தால் அதற்கேற்ற மருந்தும் ஒருமாற்று உடுப்பும் கைப்பையில் இருக்கட்டும்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போவதும் உண்டு. சென்னையிலிருந்து வான்வழியில் 355 கிலோமீற்றர்தான், ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் பறக்கும். ஆனால் ரிக்கற் தனி என்றால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பெட்டி எடுக்கவேண்டும்; கனடாக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா கட்டாயம். பறப்பது சிறிய ஏடிஆர் விமானம். ரொறன்ரோவில் அனுமதித்த இரண்டு 23 கிலோப் பெட்டி இங்கே செல்லாது, கூடுதல் நிறைக்குக் காசு. பொதி குறைவாக உள்ளவர்களுக்கே இந்த வழி பொருந்தும்.

திரும்பும்போது டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணித்தியாலம். மேற்கிலிருந்து வீசும் மேல்வான் காற்றை எதிர்த்துப் பறப்பதால்தான் இந்தக் கூடுதல். யாழ்ப்பாணத்தில் இருந்து வீதிக்கு 8, விமான நிலையத்துக்கு 4 என்று 12 மணித்தியாலம் முன்னதாக வெளிக்கிடுங்கள். காலை விமானம் என்றால் முதல்நாள் பின்னேரமே நீர்கொழும்புக்கு வந்துவிடுங்கள்.